சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை ஊசி

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எல்லாருக்கும் வாரக் கணக்குப் போட்டு, அட்வான்ஸ் கழித்து, கவரில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. அதனால் டயாலிசிஸ் சென்டரில், "செவ்வாய், வியாழன், சனி ஸ்லாட்தான் காலியா இருக்கு" என்று சிஸ்டர் சொன்னபோது எனக்கு உயிரைப் பற்றிய கவலை வரவில்லை. சனிக்கிழமை யார் கவர் போடுவார்கள் என்றுதான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து திங்கள், புதன், வெள்ளி மாலை ஸ்லாட் கிடைத்தது. அந்தப் படுக்கை எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இது என் டயாலிசிஸின் ஐந்தாவது வருடம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையை ஒரு மெஷின் செய்து ரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறது. வேலை போகவில்லை, பிள்ளைகள் படிப்பு நிற்கவில்லை, கடன் இருக்கிறது ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நன்றாகச் சமாளித்த ஆள் என்று என்னைச் சொல்ல முடியாது. ஐந்து வருடம் தவறாகச் செய்துவிட்டு அடுத்த ஐந்து வருடத்தில் அதைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தவறுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

2016-ல் கம்பெனியில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினார்கள். எனக்கு வயது 38. ரத்த அழுத்தம் 170க்கு 110. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினின் 1.9. முகாமுக்கு வந்த டாக்டர், "உடனே நெஃப்ராலஜிஸ்ட்டைப் பாருங்க" என்று, சிறுநீரக நிபுணரைப் பார்க்கச் சொல்லி, சீட்டில் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் ஆடிட்டிங். சீட்டை மேஜை டிராயரில் வைத்தேன். இரண்டு வருடம் அது அங்கேயே கிடந்தது.

வலியில்லை, காய்ச்சலில்லை, நடக்கிறோம், சாப்பிடுகிறோம், அப்புறம் என்ன நோய்? சிறுநீரில் நுரை வந்தது. கழிப்பறையில் ஊற்றிய சோப்பு என்று நினைத்தேன். முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று தெரியாமல் வாரத்தில் நாலைந்து நாள் போட்டேன். 2018-ல் ஒருவழியாக டாக்டரைப் பார்த்தபோது கிரியாட்டினின் 2.6. வடிகட்டும் திறன் 30-ஐ ஒட்டி நின்றது. மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும் சந்திக்கும் வாசல் அது. 15-க்குக் கீழே போனால் ஐந்தாவது, கடைசிக் கட்டம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. எதனால் வந்தது என்று பயாப்ஸி எடுத்துப் பார்த்தும் இனிப் பயனில்லை என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் ரத்த அழுத்தத்தைக் கொண்டுவந்ததா என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

இன்று திரும்பிப் பார்த்தால், எனக்குக் கிடைத்த பெரிய சொத்து 2016 முதல் 2020 வரையிலான அந்த மெதுவான வருடங்கள்தான். உடம்பில் தெம்பு இருந்தது, வருமானம் முழுதாக இருந்தது, முடிவெடுக்க நேரமும் இருந்தது. பிரஷரைக் கட்டுப்படுத்தியிருந்தால் டயாலிசிஸ் சில வருடம் தள்ளிப் போயிருக்கலாம். பணம் சேர்த்திருக்கலாம். டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான பிஸ்டுலாவைக் கையில் முன்கூட்டியே போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், மறைத்தேன். எட்டு மாதம் மனைவியிடம் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையை கேஸ் மாத்திரை என்று சொல்லி விழுங்கினேன். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அம்மாவிடம் சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற காலத்தில் அது வந்து நிற்கும் என்ற பயம். பெண் அப்போது நான்காம் வகுப்பு!

இதற்கு நடுவில் கிரியாட்டினினைப் பாதியாகக் குறைத்துத் தருவதாக ஒருவர் பொடி கொடுத்தார். ஆறு மாதத்தில் 38,000 ரூபாய் போனது. பொடியில் என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். பில் இல்லாமல் 38,000 கொடுத்தேன். பயத்தில் இருப்பவன் பில் கேட்பதில்லை.

2020 ஊரடங்கில் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போகவில்லை. நடுவில் ஒருமுறை பார்த்தபோது கிரியாட்டினின் 5.1. பிஸ்டுலா போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அப்போதே சொன்னார். மணிக்கட்டில் ரத்தக்குழாய் இரண்டை இணைக்கிற சின்ன அறுவை சிகிச்சை. அது முற்றி ஊசி போடத் தயாராக ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். கையில் போட்டுக்கொண்டால் நோய் உறுதியாகிவிடும் என்பது போல நான் தள்ளிப்போட்டேன். 2021 ஜனவரியில் ஒரு ராத்திரி படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிஸ்டுலா இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு அவசரமாக டயாலிசிஸ் தொடங்கினார்கள். அந்த ஒன்பது நாள் தனியார் ஆஸ்பத்திரி பில் 1,46,000 ரூபாய். கழுத்துக் குழாயில் தொற்று வந்து மறுபடி நான்கு நாள். மனைவியின் ஆறு பவுன் அன்றைக்குப் போனது.

நேரத்தில் பிஸ்டுலா போட்டிருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. நான்காம் கட்டம் என்று டாக்டர் சொன்னவுடனே பிஸ்டுலாவைப் பற்றியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். அந்தத் தடுப்பூசி எங்களுக்கு இரட்டை அளவில், சில மாதங்கள் பரப்பிப் போட வேண்டியது. கடைசி நேரத்தில் ஓடிப் போட முடியாது. எழுதுகிற கை வலது என்றால் பிஸ்டுலா இடதில் போடச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்பே அந்தக் கையில் ஊசி, டிரிப் எதுவும் போட விடாதீர்கள். போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது.

என் இடது மணிக்கட்டில் விரல் வைத்தால் உள்ளே வண்டு பறக்கிற மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். என் பெண் சின்ன வயதில் அதில் காது வைத்து, "அப்பா, உள்ள தறி ஓடுது" என்பாள். காலையும் இரவும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு விடியற்காலை தறி ஓடவில்லை. பல்கூடத் துலக்காமல் ஓடினோம். ரத்தக்கட்டு. அன்றே பார்த்ததால் காப்பாற்றிவிட்டார்கள். "சாயங்காலம் எப்படியும் டயாலிசிஸ் இருக்கே, அப்பப் பாத்துக்கலாம்" என்று விட்டிருந்தால் கை போயிருக்கும். பிஸ்டுலா போகும் என்பதைத்தான் எங்கள் பேச்சில் கை போகும் என்போம்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

தனியாரில் ஒரு டயாலிசிஸுக்கு 1,800 ரூபாய் கேட்டார்கள். மாதம் 13 முறை. 23,400 ரூபாய். என் சம்பளம் அப்போது 20,000. இந்த இடத்தில் நான் பிழைத்தது ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டால். என் சம்பளத்தில் அதற்கென்று எத்தனையோ வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அப்போது 0.75 சதவீதம், அதாவது மாதம் 150 ரூபாய். பிடித்ததே நான்தான். எல்லாருக்கும் பிடித்து, கம்பெனி பங்கையும் (அப்போது 3.25 சதவீதம்) சேர்த்துக் கட்டி, சலானை ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தவன், அதில் எனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நாளும் படித்ததில்லை. ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தவருக்கு டயாலிசிஸ் இலவசம். அவர்களுடைய மருத்துவமனையில் வசதி இல்லையென்றால் இணைப்பில் உள்ள தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் தொடர்ந்து பதிவில் இருந்தவர்களுக்கு அதன் பிறகும் 80 சதவீதம் என்ற கணக்கில் தொடர வழி இருக்கிறது. நான் இரண்டு மாதம் வாங்கினேன். அந்தப் பணம் வராமல் போயிருந்தால் அரிசிக்குக் கடன் வாங்கியிருப்போம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்கு சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 2022-ல் முதலாளி கூப்பிட்டு, "தம்பி, உங்களுக்கு 23,000 பண்ணிடலாம்னு இருக்கேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கூடுதல் 3,000 வாங்கிக்கொண்டால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுவேன். அப்புறம் மாதம் 23,400 நானே கட்ட வேண்டும். 3,000-க்காக 23,400. இந்த ஊரில் சம்பள உயர்வு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்ட கணக்கர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் முதலில் நம்பவில்லை. பேப்பரில் எழுதிக் காட்டினேன். அதற்குப் பதிலாக மூன்று நாள் நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டேன். கொடுத்தார்.

எங்கள் அறையில் ஆறு மெஷின். பக்கத்துப் படுக்கை ஆட்டோக்காரர் அண்ணனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்த அட்டை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் கொண்டுபோய் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எதிர்ப் படுக்கை அம்மா வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸில் மூன்று வருடம் இருந்தவர். அதற்கான திரவப் பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தன என்றார். தொற்று வந்ததால் மெஷினுக்கு மாறியிருக்கிறார். வீட்டில் சுத்தமான ஒரு மூலையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி, வேலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக. எனக்கு ஆரம்பத்தில் யாரும் அப்படி ஒன்று இருப்பதாகவே சொல்லவில்லை. நீங்கள் கேளுங்கள்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு 80 டி.டி.பி. (1961 சட்டத்தில் உள்ள எண்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த நோய்ச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை, 60 வயது தாண்டியவர் என்றால் 1 லட்சம் வரை கழிவு. பழைய வரி முறையில் இருந்தால்தான். சிறுநீரக நிபுணரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். ரயிலில் டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கும் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை, கூட வரும் ஒருவருக்கும் சேர்த்து. காட்பாடிக்கு ஒருமுறை போனபோது அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தோம். ஆனால் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு கட்டிப்போடப்பட்டவனுக்கு என்ன திறன் மாறவில்லை என்று எனக்குப் புரியவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

டயாலிசிஸ் இலவசம் என்றதும் சொந்தக்காரர்கள், "அப்பறம் என்னப்பா செலவு" என்பார்கள். நான் ஒரு நோட்டு போட்டேன். மூன்று பத்தி. முதல் பத்தி தெரிந்த செலவு: மருந்து, ரத்தப் பரிசோதனை, போக்குவரத்து. இரண்டாவது திடீர்ச் செலவு: தொற்று, ரத்தம் ஏற்றுவது, அட்மிஷன். மூன்றாவது பத்தியின் தலைப்பு, வராமல் போன வருமானம். என் ஓவர்டைம் போனது தெரியும். ஆனால் என் மனைவி ஒரு கம்பெனிக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறவள், பீஸ் கணக்கு. எனக்குத் துணையாக வாரம் மூன்று மாலை வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அதை எந்த பில்லிலும் யாரும் எழுதவில்லை. முதல் வருடம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது மூன்று பத்தியிலும் பெரியது அந்த மூன்றாவதுதான்.

அன்றிலிருந்து அவள் வருவதை நிறுத்தினோம். அவளுக்கு மனசே இல்லை. முடிந்த பிறகு பிரஷர் இறங்கி நான் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 150 ஆகிக்கொண்டிருந்தது. அதே ஸ்லாட்டில் நம் பக்கத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூவரும் ஒரே ஆட்டோ பேசினோம், ஆளுக்கு 60. யாருக்காவது தலைசுற்றினால் மற்ற இருவர் வீட்டு வாசல் வரை போய் விடுவார்கள். என் மனைவிக்கு அதன் பிறகுதான் சமாதானம்.

நகை விஷயத்தில் நான் கற்றது கசப்பானது. ஆறு பவுனை முதலில் அடகுதான் வைத்தோம். வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்தோம். மூன்றாம் வருடம் கணக்குப் போட்டால், கட்டிய வட்டிக்கே ஒரு பவுனுக்கு மேல் போயிருந்தது. குணமாகிற நோய்க்கு அடகு சரி. மீட்கிற தேதி ஒன்று இருக்கும். இந்த நோயில் அந்தத் தேதி கிடையாது. மீதியை விற்று, மீட்டர் வட்டிக்கு வாங்கியிருந்த 40,000-ஐ முதலில் அடைத்தோம். அவள் அழவில்லை. "பொண்ணுக்குன்னு வெச்சிருந்தது" என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்று: நோய் வருவதற்கு முன்பு போட்டிருந்த ஒரு எல்.ஐ.சி. பாலிசியை, பணமில்லை என்று காலாவதியாக விடப் பார்த்தேன். கடைசி நாளில் மச்சான் கட்டினார். இனி புதிதாக ஒரு பாலிசி எனக்கு யார் கொடுப்பார்கள்? வேறு எதை நிறுத்தினாலும் அதை நிறுத்தாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊரில் என்ன வாங்கி வருவார்கள்? இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு. மூன்றிலும் பொட்டாசியம். எங்களுக்கு அது ரத்தத்தில் அதிகமாக ஏறினால் இதயமே நின்றுவிடலாம். என் அம்மா காங்கேயத்திலிருந்து பஸ் ஏறி, சொந்த மரத்து இளநீர் ஏழெட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். "உடம்புச் சூடுதான் சாமி, இதக் குடி, எல்லாம் போயிரும்" என்றார். குடிக்கக் கூடாது என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. அன்று அந்த இளநீரைத் தெருவில் எல்லாரும் குடித்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்களை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். முருங்கைக்கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு கண்ணால் மட்டும் பார்க்கலாம். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, பிரஷருக்கு நல்லது என்று ஒரு நண்பர் கொடுத்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் போடுவது பொட்டாசியம். எங்களுக்கு அது விஷம். சாதா உப்பையே குறைத்துப் போட்டுக்கொள்வதுதான் வழி. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டில் எல்லாருமே விட்டோம்.

இன்னொரு வேடிக்கை, விதிகள் தலைகீழாக மாறும். டயாலிசிஸுக்கு முன்பு வரை புரதத்தைக் குறை, பருப்பு, முட்டை வேண்டாம் என்றார்கள். மனைவி அதைச் சட்டம் போலக் காப்பாற்றினாள். டயாலிசிஸ் தொடங்கியதும் புரதம் நிறையச் சாப்பிடு, மெஷினில் அதுவும் போகிறது என்றார்கள். அவள் நம்பவே இல்லை. டாக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டுத்தான் முட்டை வாங்கினாள்.

ஆனால் சாப்பாட்டையெல்லாம்விடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு எனக்கு ஒரு லிட்டர். டீ, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் அதற்குள். சித்திரை மாதத்தில் ஸ்டீம் அயர்ன் ஓடுகிற கம்பெனியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் போலிருக்கும். என் முறை இது: காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி மேஜையில் வைப்பேன். வேறு எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிடுவேன். டீ நூறு மில்லி என்றால் பாட்டிலில் நூறு காலி. ராத்திரி பாட்டில் தீர்ந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. இருப்பும் செலவும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் எனக்குக் கட்டுப்பாடு வரும். வெள்ளி ராத்திரி முதல் திங்கள் மாலை வரை மெஷின் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கறி விருந்து எல்லாம் அந்த இடைவெளியில்தான் வந்து விழும். ஒருமுறை நான்கரை கிலோ ஏறிக்கொண்டு போனேன். அந்த நான்கு மணி நேரத்தில் அவ்வளவு நீரையும் எடுத்தபோது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு கத்தினேன். டெக்னீஷியன் தம்பி காலை நீவிவிட்டுக்கொண்டே, "விருந்து எப்படிண்ணா இருந்துச்சு?" என்றான்.

வேலையில் நான் செய்த நல்ல காரியம் ஒன்றுதான். எனக்குப் பிறகு யாருக்கும் தெரியாது என்று பெருமையாக வைத்திருந்த கணக்கு முறையை, பேக்கிங்கில் இருந்த பி.காம். படித்த பெண் ஒருத்திக்கு முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். இடத்தைப் பிடித்துக்கொள்வாளோ என்ற பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் அட்மிட் ஆன இரண்டு முறையும் சனிக்கிழமை கவர் தவறாமல் போனது. அதனால்தான் என் நாற்காலி எனக்கு இருந்தது. நான் இல்லாமல் கம்பெனி தடுமாறியிருந்தால், முதலாளி வேறு ஆளைத்தான் தேடியிருப்பார்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1994-ல் வந்த சட்டப்படி நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் மனைவி. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும் சேர்த்தார்கள். அம்மா முன்னால் வந்தார். சர்க்கரை இருந்ததால் எடுக்க முடியாது என்றார்கள். அக்கா தருகிறேன் என்றாள், மாமா வீட்டில் தயங்கினார்கள். ஒரு வருடம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் முறைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உடம்பிலிருந்து ஒரு உறுப்பைக் கேட்டுவிட்டு, யோசித்தார்கள் என்று கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? மனைவி டெஸ்ட்டுக்குத் தயார் என்றாள். நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், வாங்குபவர்களில் ஆண்கள் அதிகம். அந்த வரிசையில் அவளும் போய் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒருவராவது முழுசாக வேண்டும் என்றும் சொன்னேன். இதில் இன்று வரை எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. "உங்க இஷ்டத்துக்கு எனக்காக முடிவெடுக்காதீங்க" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். முடித்து எழுத என்னிடம் முடிவு இல்லை.

இப்போதைக்கு மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பதிந்திருக்கிறேன். மருத்துவமனை வழியாகத்தான் பதிய வேண்டும், பகிர்வதை மாநில உறுப்பு மாற்று ஆணையம் பார்த்துக்கொள்கிறது. 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்த செய்தியை அன்று பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன் நான். உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023-ல் அறிவித்தபோது எங்கள் அறையில் ஆறு பேரும் பேச்சில்லாமல் டி.வி.யைப் பார்த்தோம். பட்டியலில் இருப்பவர்கள் போனை அணைக்கக் கூடாது. பரிசோதனைகளைப் பழையதாக விடக் கூடாது. தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகும் ஆயுளுக்கும் மாத்திரை உண்டு. அதற்கென்று தனியாக ஒரு சீட்டுப் போட்டு வருகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு வியாழன் இரவு 11:40-க்கு போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து. "ஒரு கிட்னி வந்திருக்குங்க. நீங்க ரெண்டாவது ஆள். உடனே கிளம்பி வாங்க, எதுவும் சாப்பிடாதீங்க." மனைவி பையை ஐந்து நிமிடத்தில் கட்டினாள், அது எப்போதும் பாதி கட்டியேதான் இருக்கும். பெண் கதவுப் பக்கம் நின்று என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். ஆட்டோக்கார அண்ணனுக்கும் என்னோடு முந்தின நாள் ராத்திரிதான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, தம்பியை அனுப்பிக் காரில் கூட்டிப்போகச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு எதிரே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், இருபத்தைந்து வயது இருக்கும், பக்கத்தில் அவன் அம்மா. அவன்தான் முதல் ஆள். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாலு மணி நேரம் நால்வரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குப் பொருந்தக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் அம்மாவும் என்னைப் பார்த்து வேறொன்று நினைத்திருப்பார்.

அவனுக்குப் பொருந்திவிட்டது. அந்த அம்மா எழுந்து போகும்போது என் மனைவியின் கையைப் பிடித்து எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார்.

விடியும்போது அவிநாசியில் கார் நின்றது. அன்று வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குக் கம்பெனி, ஐந்து மணிக்கு மெஷின், மறுநாள் சம்பளம். மனைவி ஒரு டீ வாங்கி இரண்டாகப் பிரித்தாள். என் பங்கு அறுபது மில்லி இருக்கும். குடித்துவிட்டு, பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அதே அளவைச் சாலையோரப் புளியமரத்தடியில் ஊற்றினேன்.